மாரியில் நிறையட்டும், கோடையில் வற்றட்டும்

வீட்டு வளவில் சிறு குளம் அமைத்துத் தாமரையும் அல்லியும் வளர்க்க நினைப்பவர்கள், ஆண்டு முழுவதும் அதில் தண்ணீர் நிற்க என்ன செய்யலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் ஓடும் ஆறு உள்ள ஊருக்கு அந்த யோசனை பொருந்தும். வல்வெட்டித்துறைக்கு மேற்கே, கடலும் களப்பும் சந்திக்கும் தொண்டைமானாற்றுக்குப் பொருந்தாது. ஊரின் பெயரில் ஆறு இருக்கிறதே தவிர, அங்கே இருப்பது மழைநீரும் கடல்நீரும் மாறி மாறி ஆளும் ஒரு நீரேரி. யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்வதுதான் பெரும்பகுதி மழை. மற்ற மாதங்களில் வானம் தருவதைவிட வெயில் எடுத்துக்கொள்வதே அதிகம். இப்படிப்பட்ட ஊரில் நீர்ச்செடித் தோட்டம் போடுவதானால், மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் குளமாகவே அதை அமைக்கவேண்டும். அந்தப் போக்குக்குப் பழகிய நம் குளத்துச் செடிகளையே அதில் நடவேண்டும். கிணற்றுநீரை இறைத்து இறைத்துக் குளத்தை எப்போதும் நிரம்பிய நிலையில் வைத்திருப்பது செடிக்கும் கேடு, கிணற்றுக்கும் கேடு.

இதற்கான முதற் காரணம் நிலத்தடியில் இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மாரிமழை அதன் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் இறங்கி, கீழே நிற்கும் உப்புநீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் சற்றுக் கனமானது என்பதே அந்தப் படலம் நிற்பதற்கு ஆதாரம். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீற்றர் குறைத்தால், அடியிலிருந்து உப்புநீர் அதன் பலமடங்கு மேலேறி வரும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தொண்டைமானாறு போன்ற கரையோர ஊரில் இந்தப் படலம் இன்னும் மெல்லியது. அங்கே பல கிணறுகள் தை, மாசியில் நன்றாக இருந்து, ஆடி, ஆவணியில் உவர்க்கத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் குளத்துக்குள்ளேயே நடப்பது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், அறுபது சென்ரிமீற்றர் ஆழமுள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அது 3600 லீற்றர் கொள்ளும். வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீரைக் குடிப்பதாக வைத்தால், நாளுக்கு 30 லீற்றர் போகும். போவது வெறும் நீராவி. உப்பு அங்கேயே நிற்கும். குறையும் நீரைக் கிணற்றிலிருந்து விட்டு நிரப்பினால், நூற்றிருபது நாளில் இன்னொரு முழுக் குளத்து நீரின் உப்பு அதற்குள் சேர்ந்துவிடும். மழைநீரால் நிரம்பிய குளமாக இருந்தால், நான்கு மாதத்தில் அது கிணற்றுநீர் அளவுக்கு உவர்க்கும். எட்டு மாதத்தில் கிணற்றைப்போல் இருமடங்கு உவர்க்கும். தொடக்கமே கிணற்றுநீர் என்றால் எட்டு மாதத்தில் மூன்று மடங்கு. ஏற்கெனவே சவர்த்தன்மையுள்ள கிணறாயின் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. தாமரை உப்பைத் தாங்காத செடி. முதலில் இலையின் ஓரம் கருகும், பிறகு புதிய இலைகள் சிறுத்து வரும், மொட்டு விரியாமல் கருகிவிடும். வளர்ப்பவர் பசளை போதவில்லை என்று நினைத்து இன்னும் பசளை போடுவார். பசளையும் ஒருவகை உப்புத்தான் என்பதால் நோய் இன்னும் முற்றும்.

கிணற்றுநீரில் இன்னொன்றும் இருக்கிறது. வெங்காயம், புகையிலை, மிளகாய் என்று செறிவாகப் பயிர்செய்யும் நிலத்தில் போட்ட பசளையின் நைத்திரேற்று, சுண்ணாம்புக்கல்லின் வழியே இலகுவாகக் கிணற்றில் இறங்கிவிடுகிறது. குடாநாட்டின் பல விவசாயக் கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையை அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அந்த நீரைத் திறந்த குளத்தில் விட்டு வெயிலும் பட்டால், ஒரு கிழமைக்குள் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சைக் கூழாகும். மழைநீரில் இந்தச் சுமை மிகக் குறைவு. ஆகவே கூரையில் விழும் மழையைக் குளத்துக்குத் திருப்புவது வெறும் சிக்கனம் மட்டுமன்று, செடிக்கு வைத்தியமும்கூட. ஐம்பது சதுர மீற்றர் கூரையில் நூறு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5000 லீற்றர். மேலே சொன்ன குளத்தை நிரப்பி மீதியும் இருக்கும். கார்த்திகையில் ஓரிரு நாட் பெருமழையே போதும். பருவத்தின் முதல் மழை கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும் என்பதால், அதை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கவேண்டும்.

நீர் வற்றினால் செடி செத்துப்போகாதா என்று கேட்கலாம். நம்முடைய குளத்துச் செடிகளின் வாழ்க்கையே வற்றுதலைக் கணக்கில் வைத்து அமைந்தது. குடாநாட்டில் ஆயிரத்தை ஒட்டிய சிறு குளங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கோடையில் வெடித்த நிலமாகக் கிடப்பவை. அடுத்த மழைக்கு மூன்றாம் கிழமையே அல்லி இலை மிதக்கிறது என்றால், அது எங்கிருந்தோ வந்ததல்ல. அல்லியும் நீல அல்லியும் சேற்றுக்குள் சிறு கிழங்காக ஒடுங்கிக் கிடக்கின்றன. கொட்டியும் அப்படியே. வன்னியில் குளம் வற்றும் காலத்தில் கொட்டிக் கிழங்கைக் கிண்டி எடுத்து அவித்துத் தின்றது பஞ்சகால வழக்கம். அல்லியின் விதையை அரிசிபோல் சமைப்பதும் உண்டு. செடி தனக்காகச் சேமித்து வைத்ததை மனிதர் எடுத்துண்ட கதை அது. தாமரை நிலத்தடித் தண்டாகவும் விதையாகவும் காத்திருக்கும். அந்த விதையின் உறுதிக்கு உலகப் புகழ் உண்டு. வடகிழக்குச் சீனாவில் வற்றிய ஏரிப்படுகை ஒன்றிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 1300 ஆண்டு பழைமையான தாமரை விதை முளைத்ததை 1995இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. ஜப்பானில் 1951இல் இச்சிரோ ஓகா என்ற தாவரவியலாளர் சிபா நகருக்கு அருகே புதைசேற்றிலிருந்து எடுத்த பழைய விதை ஒன்றை முளைக்கவைத்தார். அதன் வழி வந்த செடிகள் இன்றும் பூக்கின்றன. ஆயிரம் ஆண்டு காத்திருக்கத் தெரிந்த செடிக்கு ஐந்து மாதக் கோடை ஒரு பொருட்டல்ல.

ஆனால் இயற்கைக் குளத்தின் ஆழமான சேறு வேறு, வீட்டுக் குளத்தின் ஒரு சாண் மண் வேறு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வீட்டுக் குளத்து மண் செங்கல்லாகக் காய்ந்தால் தாமரைத் தண்டு பிழைப்பது கடினம். அதனால் நீர் வற்றியதும் மண்ணின்மேல் பழைய கிடுகையோ காய்ந்த இலைதழையையோ பரப்பி, கிழமைக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் தெளித்து ஈரப்பதத்தைக் காத்தால் போதும். நாளுக்கு முப்பது லீற்றர் எங்கே, கிழமைக்கு ஒரு வாளி எங்கே! கோடையிலும் ஒரு பூவாவது கண்ணிற் படவேண்டும் என்று விரும்புபவர்கள் நிழற்பக்கத்தில் ஒரே ஒரு பெரிய தொட்டியில் அல்லியை வைத்துக்கொள்ளலாம். குளத்து மீன்களுக்கும் அதுவே கோடைக்கால வீடாகும்.

நடும் முறையில் அதிகம் பிழை நேர்வது மண்ணில்தான். கரையோர மணலில் சிப்பித்தூளும் உப்பும் கலந்திருக்கும், அது வேண்டாம். உள்ளூர்க் குளத்தைத் தூர்வாரும்போது கிடைக்கும் களிமண், இல்லையென்றால் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் நல்லது. பச்சைச் சாணம் போடக்கூடாது. நீருக்குள் அது அழுகி வேரை மூச்சுமுட்டச் செய்யும். அல்லிக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய வாயுள்ள சாடி போதும். கிழங்கின் குருத்து மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும். மண்மேல் கூழாங்கல் ஒரு வரிசை போட்டால் மீன் கிளறாது. முதலில் நீர்மட்டத்துக்கு அரையடி கீழே சாடியை வைத்து, இலைக்காம்பு நீள நீள இறக்கவேண்டும். தாமரைக்கு அகலம் வேண்டும், அடியில் துவாரமில்லாத ஏனமும் வேண்டும். அதன் தண்டு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், மூலையில் முட்டினால் மடிந்து முறியும். வட்டமான ஏனம் சிறந்தது. தண்டைப் படுக்கையாக வைத்து முளைமுனை மட்டும் வெளியே தெரிய மண்ணால் மூடவேண்டும். அந்த முனை முறிந்தால் அந்தத் தண்டு வீண் என்றே சொல்லலாம். விதையில் வளர்க்க விரும்பினால், குழிந்த முனையைச் சொரசொரப்பான சீமெந்துத் தரையில் உள்ளே வெண்மை தெரியும்வரை உரைஞ்சி, நாளுக்கொருமுறை மாற்றிய தண்ணீரில் ஊறவிட்டால் ஒரு கிழமையளவில் முளைக்கும். இரண்டுக்கும் குறைந்தது ஆறு மணிநேர நேர்வெயில் தேவை. பசளை என்பது செடி நன்றாக வேரூன்றி இலை பரப்பிய பின்னர்தான். அதையும் தாளில் சிறு பொட்டலமாகக் கட்டி வேரருகே மண்ணுள் அமுக்கவேண்டும், தண்ணீரில் தூவக்கூடாது.

கிணற்றடியில் பழைய சீமெந்துத் தொட்டி கிடந்தால் அதுவே நல்ல குளம். புதிதாகக் கட்டியதாயின், சீமெந்தின் காரம் நீங்க இரண்டு மூன்று முறை நீர் நிரப்பி வடித்த பின்பே செடி வைக்கவேண்டும். நிலத்தை வெட்டி விரிப்புப் போடுவதானால், சுண்ணாம்புக்கல்லின் கூர்முனை அதைக் கிழிக்காதபடி அடியில் மணலும் பழைய சாக்கும் பரப்பவேண்டும்.

அல்லி, தாமரை, கொட்டி என்பவற்றோடு ஓரத்துச் செடிகளையும் எண்ணவேண்டும். தொண்டைமானாற்றுக்கு மிகப் பொருத்தமானதாக எனக்குத் தோன்றுவது நீர்ப்பிரமி. அது உவர்நீரையும் தாங்கும், ஓரத்தில் படர்ந்து மண்ணைப் பிடிக்கும், சிறு வெண்பூக்களும் பூக்கும். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈர விளிம்பில் தாமாகவே செழிக்கும். சம்பலுக்கும் சுண்டலுக்கும் தினம் கிள்ளலாம். வள்ளல் கீரை வேகமாகப் படரும், அதைச் சாடிக்குள்தான் வைக்கவேண்டும். சம்புப் புல்லும் உவரைத் தாங்கக்கூடியதுதான். ஆனால் அதன் வேர்த்தண்டு விரிப்பைத் துளைக்கும், சிறு குளத்தை இரண்டு மாரியில் நிரப்பிவிடும். பெரிய வளவு உள்ளவர்களுக்கே அது உகந்தது. நீல அல்லி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இலங்கை 1986இல் தேசிய மலராக ஏற்றது நம் குளங்களுக்கே உரிய நீல அல்லியை. சந்தையில் அந்தப் பெயரில் கிடைக்கும் ஆழ்ந்த ஊதாநிறப் பூக்களிற் பல கலப்பினங்கள் என்பதைப் பேராதனைத் தாவரவியலாளர்களின் ஆய்வு தெளிவாக்கியிருக்கிறது. உள்ளூர்க் குளத்திலிருந்து, அதுவும் செறிவாக உள்ள இடத்திலிருந்து, ஓரிரு கிழங்கு எடுப்பதே மேல்.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். குடிக்கவே நல்ல தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் பூவுக்குக் குளமா என்பது முதலாவது. கேள்வி நியாயமானது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் 2024இல் திறக்கப்பட்டதே இங்கே நன்னீரின் அருமைக்குச் சான்று. ஆனால் அந்தக் கேள்வி கிணற்றை இறைத்து நிரப்பும் குளத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. கூரையிலிருந்து ஒழுங்கைக்கு ஓடி, அங்கிருந்து கடலுக்குப் போகும் மழையைப் பிடித்து வைக்கும் குளம் எவருடைய குடிநீரையும் எடுப்பதில்லை. குளம் நிரம்பி வழியும் மிகைநீரை வாழையடியில் வெட்டிய குழியொன்றுக்கு விட்டால் அது நிலத்துள் இறங்கி அந்த நன்னீர்ப் படலத்துக்கே போய்ச் சேரும்.

இரண்டாவது, நுளம்பு. டெங்குவால் துன்பப்பட்ட மாவட்டத்தில் இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டுமன்றி ஓரளவு உவரான நீரிலும் பெருகுவதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2011இல் காட்டியது. ஆகவே சவர்நீர்தானே என்று அசட்டையாக இருக்கக்கூடாது. ஆனால் அந்த நுளம்பு விரும்புவது எதிரிகள் இல்லாத சிறு நீர்த்தேக்கம்: ரயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு. மீனும் தும்பிக் குஞ்சும் உள்ள குளத்தில் குடம்பிகள் நிலைப்பது அரிது. நம் கரையோர நீர்நிலைகளில் தலையுச்சியில் வெள்ளிப் பொட்டோடு மேற்பரப்பிலேயே திரியும் சிறு மீன் ஒன்று உண்டு. அதில் பத்துப் பன்னிரண்டு விட்டால் போதும். 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா வேண்டாம், அது அடிமண்ணைக் கிண்டிச் செடியைப் பெயர்க்கும். வற்றும் குளத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. டெங்கு நுளம்பின் முட்டை நீர்விளிம்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். எனவே புரட்டாதியில், மழைக்கு முன், குளத்தின் உட்சுவரையும் சாடிகளின் விளிம்பையும் தேய்த்துக் கழுவவேண்டும். மழையால் குளம் நிரம்பிய அன்றே தொட்டியிலிருக்கும் மீனை அதற்கு மாற்றிவிடவேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் குளம் அமைக்காமலிருப்பதே அயலுக்கு நல்லது.

மூன்றாவது எதிர்ப்பு தோட்டக்காரர்களிடமிருந்தே வருவது. ஆற்றுவாழை என்றும் ஆகாயத்தாமரை என்றும் சொல்லப்படும் ஊதாப் பூச்செடி கவனிப்பே இல்லாமல் வளர்கிறதே, நீரிலுள்ள நைத்திரேற்றையும் உறிஞ்சுகிறதே, அதை வைத்தாலென்ன என்பார்கள். உறிஞ்சுவது உண்மை. அள்ளி வெளியே எறிந்தால்தான் அந்தப் பயன். அழுக விட்டால் உறிஞ்சியதெல்லாம் நீருக்கே திரும்பும். இந்த நாட்டு வரலாறும் அதற்கு எதிராகவே பேசுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவழகுக்காக வந்த அந்தச் செடி பரவிய வேகத்தைக் கண்டு, 1909இலேயே அதற்கென்று தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்தது. சல்வீனியாவின் கதை இன்னும் கசப்பானது. 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்பித்தலுக்காகக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அது வெளியே தப்பி, ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலையும் வாய்க்கால்களையும் மூடியது. விதையே தராத செடி அது. உடைந்த துண்டுகளாலேயே இவ்வளவும் நடந்தது. சாதகமான நீரில் இரண்டு மூன்று நாளில் அது இரட்டிக்கும். கையால் அள்ளியும் மருந்தடித்தும் முடியாமல், கடைசியில் 1986இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளின் உதவியோடு, பிரேசிலில் அதையே தின்று வாழும் இரண்டு மில்லிமீற்றர் வண்டொன்றை விட்ட பின்புதான் அடங்கியது. தப்பியதற்கும் அடங்கியதற்கும் இடையில் நாற்பது ஆண்டுக்கு மேல் போயிற்று.

தொண்டைமானாற்றில் இந்த ஆபத்து மற்ற ஊர்களைவிடக் கூடுதல் என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மிதக்கும் இந்தக் களைகளுக்கு உப்பு பகை. கடல்நீர் தாராளமாக ஏறி இறங்கிய காலத்தில் நீரேரியைக் காத்தது அந்த உப்பே. ஆனால் குடாநாட்டு நீரேரிகளை நன்னீராக்கவேண்டும் என்ற நெடுநாள் கனவில், நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த திட்டத்தின் ஒரு பகுதியாகத் தொண்டைமானாற்றுத் தடுப்பணை விளங்குகிறது. அதன் வேலை கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்குவது. பழைய மரக்கதவுகள் உக்கிப்போய் உப்பு திரும்ப ஏறிய காலமும் உண்டு. பின்னர் அணை புதுப்பிக்கப்பட்டது. அந்த முயற்சி வெல்லவேண்டும் என்றே எல்லோரும் விரும்புகிறோம். ஆனால் நீரேரி நன்னீராக நன்னீராக, உப்பு என்ற பழைய காவல் விலகிக்கொண்டே போகும். மாரிவெள்ளத்தில் ஒரு வளவுக் குளம் வழிந்து ஒரு பிடி ஆற்றுவாழை வாய்க்காலில் போனால், முன்பு அது உப்பில் கருகியிருக்கும். இனி அது மதகுவரை பரவும். நம் அல்லியோ கொட்டியோ வழிந்து போனால் அப்படி நேராது, ஏனென்றால் அவற்றைத் தின்னும் பூச்சியும், அவற்றை அடக்கும் கோடையும் ஏற்கெனவே இங்கே இருக்கின்றன.

வற்றிய குளத்தில் என்ன அழகு என்பதும் ஒரு கேள்விதான். தை தொடங்கிச் சித்திரைவரை இலை நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடி நிற்கும். காலையில் தாமரை, இரவில் வெள்ளை அல்லி, பகலில் நீல அல்லி என்று பூ ஓயாது. வைகாசியில் நீர் ஒடுங்கிச் சேறு தெரியும். பிறகு ஐந்து மாதம் குளம் வெறும் பள்ளமாகக் கிடக்கும் என்பது உண்மை. ஆனால் வேலை செய்ய வசதியான காலமும் அதுவே. சாடிகளைத் தூக்கிப் பிரிக்கலாம், வெடிப்பை அடைக்கலாம், அடியில் படிந்த வண்டலை வழித்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடலாம். குளத்தைத் தூர்வாரி அந்த மண்ணை வயலுக்கும் தோட்டத்துக்கும் ஏற்றிய பழைய வழக்கத்தின் வீட்டளவு வடிவம் இது. உயர்தர மாணவர்களின் பரீட்சைகளால் நாடறிந்த வெளிக்கள நிலையம் உள்ள ஊரில், உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நீர் நிரம்பிய குளமும் வற்றிய குளமும் இரண்டு வேறு பாடங்கள்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அல்லிக் கிழங்கையும் தாமரைத் தண்டையும் பிரித்து நடாவிட்டால் சாடி நெரிந்து பூ குறையும். பிரிக்கும்போது மிஞ்சும் செடி நிறைய இருக்கும். அதை அயலவருக்குக் கொடுக்கலாம், பள்ளிக்கூடத் தொட்டிக்குக் கொடுக்கலாம். எவருக்கும் வேண்டாதது, குறிப்பாகத் தவறி உள்ளே வந்த ஆற்றுவாழையோ சல்வீனியாவோ, வாய்க்காலுக்கும் நீரேரிக்கும் போகக்கூடாது. நீர்க்கரையிலிருந்து தள்ளிச் சுடுமணலில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்குமளவு காயவிட்டு, வாழைப்பாத்தியில் புதைக்கவேண்டும்.